ஓக்கினாவா மாகாணம்

ஓக்கினாவா மாகாணம் ஜப்பானின் 47 மாகாணங்களுள் ஒன்றாகும். நாட்டின் தென்மேற்குக் கோடியில் தீவுக்கூட்டமாக அமைந்துள்ள இதன் தலைநகர் நாஹா. பரப்பளவு சுமார் 2,280 ச.கி.மீ. 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை சுமார் 14.67 இலட்சம். 1879 வரை ரியூக்கியூ என்னும் தனி அரசாக விளங்கிய இத்தீவுகள், இரண்டாம் உலகப்போரின் முடிவிலிருந்து 1972 வரை அமெரிக்க ஆட்சியின் கீழ் இருந்தன. இங்கு இன்றும் தொடரும் நிலச் சிக்கலுக்கும் மொழிச் சிக்கலுக்கும் இந்த வரலாறே அடிப்படை.

புவியியல்

மாகாணத்தின் தீவுகள் கிழக்கு மேற்காகச் சுமார் 1,000 கி.மீ. தொலைவிற்குப் பரவியுள்ளன. இவற்றுள் பெரியது ஓக்கினாவா தீவு (சுமார் 1,200 ச.கி.மீ.). மேற்குக் கோடியிலுள்ள யொனாகுனி தீவிலிருந்து தைவான் ஏறக்குறைய 110 கி.மீ. தொலைவிலேயே உள்ளது. மாகாணத்தின் மிக உயரமான இடம் இசிகாக்கி தீவிலுள்ள ஓமோத்தோ மலை (526 மீ).

தட்பவெப்பம் அயன அயல் மண்டலத்தைச் சார்ந்தது. கோடையிலும் இலையுதிர் காலத்திலும் சூறாவளிகள் தாக்குகின்றன. ஓக்கினாவா தீவின் தென்பகுதி பவளச் சுண்ணாம்புப் பாறையால் ஆனது. அங்கு இயற்கைக் குகைகள் மிகுதி. வடபகுதியான யன்பாருவில் அடர்ந்த காடுகள் உள்ளன. பறக்க இயலாத ஓக்கினாவா கானாங்கோழி இக்காட்டில் மட்டுமே வாழ்கிறது. ஹாபு என்னும் நச்சுப்பாம்பைக் கட்டுப்படுத்த 1910இல் கங்கைக் கழிமுகப் பகுதியிலிருந்து கீரிகள் கொண்டுவரப்பட்டன. கீரி பகலிலும் ஹாபு இரவிலும் இரை தேடுவதால் எதிர்பார்த்த பயன் விளையவில்லை. மாறாக, கீரிகள் கானாங்கோழி போன்ற உயிரினங்களை வேட்டையாடின. வட ஓக்கினாவாவும் இரியோமோத்தே தீவும் 2021இல் யுனெஸ்கோவின் இயற்கை மரபுரிமைக் களத்தின் பகுதிகளாக அறிவிக்கப்பட்டன.

வரலாறு

ஓக்கினாவா தீவில் இருந்த மூன்று சிற்றரசுகளை 1429இல் சோ ஹாசி ஒன்றிணைத்தார். சூரி கோட்டையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்த ரியூக்கியூ அரசு, சீனா, ஜப்பான், கொரியா, சயாம், மலாக்கா ஆகிய நாடுகளுக்கிடையே கடல் வணிகம் செய்து செழித்தது. 1609இல் ஜப்பானின் சத்சுமா சிற்றரசு இதன்மீது படையெடுத்து வென்றது. அதன் பின்னரும் சீனாவிற்குத் திறை செலுத்தும் வழக்கம் தொடர்ந்தது. 1879இல் ஜப்பானிய அரசு இதனைத் தன் மாகாணமாக்கியது. கடைசி மன்னர் சோ தை தோக்கியோவிற்குக் குடியேற்றப்பட்டார்.

1945 ஏப்ரல் 1 அன்று அமெரிக்கப் படைகள் ஓக்கினாவா தீவில் தரையிறங்கின. ஏறக்குறைய மூன்று மாதங்கள் நீடித்த போரில் 2 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் இறந்தனர். மாகாண மக்களுள் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் உயிரிழந்தார். குகைகளில் ஒளிந்திருந்த பொதுமக்கள் பலர் குண்டுவீச்சாலும், ஜப்பானியப் படையினரின் நெருக்குதலால் நிகழ்ந்த கூட்டுத் தற்கொலைகளாலும் மாண்டனர். படை மருத்துவமனைகளில் பணியமர்த்தப்பட்ட ஹிமேயூரி மாணவியர், ஆசிரியர்கள் 240 பேருள் பாதிக்கும் மேற்பட்டோர் திரும்பவில்லை. மபுனியில் 1995இல் திறக்கப்பட்ட நினைவுக் கற்சுவர்களில் நாடு, பகை வேறுபாடின்றி இறந்தோரின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. சூன் 23 நினைவு நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.

1972 மே 15 அன்று ஓக்கினாவா மீண்டும் ஜப்பானின் ஆட்சிக்கு வந்தது. அமெரிக்க ஆட்சியில் சாலையின் வலப்புறமாக ஓடிய வாகனங்கள் 1978 சூலை 30 முதல் இடப்புறமாக ஓடத் தொடங்கின.

படைத்தளங்கள்

ஜப்பானின் நிலப்பரப்பில் ஓக்கினாவாவின் பங்கு சுமார் 0.6 விழுக்காடு மட்டுமே. ஆயினும், அந்நாட்டில் அமெரிக்கப் படை தனியுரிமையுடன் பயன்படுத்தும் தள நிலத்தில் சுமார் 70 விழுக்காடு இங்குள்ளது. 1950களில் பல உழவர்களின் நிலங்கள் வலுக்கட்டாயமாகக் கையகப்படுத்தப்பட்டன. கினோவான் நகரின் குடியிருப்புகளுக்கு நடுவே அமைந்த ஃபுத்தென்மா வான்படைத்தளத்தைத் திருப்பி ஒப்படைக்க 1996இல் உடன்பாடு காணப்பட்டது. எனினும் அதற்கு மாற்றாக ஹெனோக்கோ கடற்கரையில் புதிய தளம் அமைக்கும் திட்டத்தால், கால் நூற்றாண்டு கடந்தும் அது நிறைவேறவில்லை. 2019 பெப்ரவரியில் நடந்த மாகாண வாக்கெடுப்பில் வாக்களித்தோருள் சுமார் 72 விழுக்காட்டினர் ஹெனோக்கோவில் கடலை நிரப்புவதை எதிர்த்தனர். நடுவண் அரசு பணிகளைத் தொடர்ந்தது.

தளங்களே ஓக்கினாவாவை வாழவைக்கின்றன என்னும் கருத்து பரவலாக உள்ளது. மாகாண வருவாயில் தளம் சார்ந்த வருவாய் 1972இல் சுமார் 15 விழுக்காடாக இருந்து, பின்னர் ஏறத்தாழ 5 விழுக்காடாகக் குறைந்தது. சுற்றுலாவே இன்று முதன்மைத் தொழிலாகும். கரும்பு முக்கியப் பயிராகும்.

மக்களும் பண்பாடும்

இம்மக்கள் தம்மை உச்சினாஞ்சு என அழைத்துக்கொள்கின்றனர். 1900 முதல் ஹவாய், பிரேசில், பெரு முதலிய இடங்களுக்குப் பலர் குடிபெயர்ந்தனர். கராத்தே கலை இங்கு தோன்றியது. மூன்று நரம்புகளைக் கொண்ட சன்சின் இவர்களின் இசைக்கருவி. பாகற்காயுடன் தோஃபுவும் முட்டையும் சேர்த்து வதக்கும் கோயா சம்புரூ பெயர்பெற்ற உணவு. நீண்ட ஆயுளுக்குப் புகழ்பெற்ற இம்மாகாணத்தில், ஆண்களின் சராசரி ஆயுள் 2000ஆம் ஆண்டுக் கணக்கில் நாட்டளவில் 26ஆம் இடத்திற்கு இறங்கியது. உணவுப்பழக்க மாற்றம் இதற்கு ஒரு காரணமாகக் கூறப்படுகிறது.

போரில் அழிந்து 1992இல் மீண்டும் கட்டப்பட்ட சூரி கோட்டையின் முதன்மை மண்டபம் 2019 அக்டோபர் 31 அன்று தீக்கிரையானது. மறுகட்டுமானம் 2022இல் தொடங்கியது.

மொழி

ரியூக்கியூ மொழிகள் ஜப்பானிய மொழியுடன் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. ஆயினும் ஜப்பானிய மொழி மட்டும் அறிந்தவருக்கு இவை புரிவதில்லை. இணைப்பிற்குப் பின், பள்ளியில் தாய்மொழி பேசிய மாணவரின் கழுத்தில் மரப்பலகை ஒன்றைத் தொங்கவிடும் வழக்கம் ஏற்பட்டது. அதே தவற்றைச் செய்யும் மற்றொரு மாணவர் அகப்படும் வரை அவர் அதனை அணிந்திருக்க வேண்டும். 1945 போரின்போது, ஓக்கினாவா மொழியில் பேசுவோர் உளவாளிகளாகக் கருதப்படுவர் என ஜப்பானியப் படை ஆணையிட்டது. இதன் விளைவாகப் பெற்றோர் பலர் தம் பிள்ளைகளுடன் ஜப்பானிய மொழியிலேயே பேசத் தலைப்பட்டனர். 2009இல் யுனெஸ்கோ இம்மொழிகளை அழியும் நிலையிலுள்ள மொழிகளாக வகைப்படுத்தியது. 2006இல் இயற்றப்பட்ட மாகாணச் சட்டத்தின்படி செப்டெம்பர் 18 தீவு மொழிகளின் நாளாகக் கொண்டாடப்படுகிறது.