இடப்புறச் சன்னல்

சென்னைக்கு வானூர்தியில் வருகிறவர் சன்னலோர இருக்கையை எந்தப் பக்கத்தில் கேட்டு வாங்குவது? காற்றையும் சூரியனையும் கொஞ்சம், இந்நகரின் பழங்கதையை நிறைய அறிந்தவர்க்கே இதற்கு விடை கிடைக்கும்.

விமானம் எதிர்காற்றில்தான் ஏறும், இறங்கும். மீனம்பாக்கத்தின் முதன்மை ஓடுபாதை ஏறத்தாழக் கிழக்கு மேற்காகக் கிடக்கிறது. எனவே தென்மேற்குப் பருவக்காற்றின் மாதங்களில் விமானங்கள் பெரும்பாலும் கடல்மேல் வந்து, சாந்தோமுக்கும் அடையாற்றின் முகத்துவாரத்துக்கும் நடுவே கரையைக் கடந்து இறங்குகின்றன. (பிற்பகலில் கடற்காற்று எழுந்தால் எல்லாம் தலைகீழாகும், அது பயணியின் ஊழ்.) வடகிழக்குப் பருவத்தில் அதே வான்வழியாகப் புறப்பட்டுக் கடலுக்குச் செல்கின்றன. ஆனி, ஆடியில் சூரியன் சென்னைக்கு வடக்கே நிற்கிறது. மார்கழியில் தெற்கே சாய்ந்துவிடுகிறது. ஆகவே ஆனியில் இறங்குபவருக்குத் தெற்கு நோக்கிய சன்னலும், மார்கழியில் ஏறுபவருக்கு வடக்கு நோக்கிய சன்னலும் கண்கூசாதவை. இரண்டுமே இடப்புறம் அமைகின்றன என்பதுதான் வேடிக்கை. 'ஏ' இருக்கையைக் கேளுங்கள். இறக்கைக்கு முன்னால் கிடைத்தால் இன்னும் நன்று.

மார்கழிச் சன்னலில் முதலில் தெரிவது தியாகராய நகர். கூரைகளுக்கு நடுவே சிறு பச்சைப் புள்ளியாகப் பனகல் பூங்கா. நூறாண்டுகளுக்கு முன் விமானங்கள் இவ்வழி பறந்திருந்தால் பயணிகள் கண்டிருக்கக்கூடியது வீடுகளை அன்று, நீரை. மவுண்ட் ரோட்டின் மேற்கே நீண்டு கிடந்த ஏரியை ஆங்கிலேயர் 'லாங் டாங்க்' என்றனர். 1920களில் அதை வடித்து, தூர்த்து, நீதிக்கட்சி ஆட்சியில் புதிய நகர் எழுந்தது. கட்சியின் தலைவர் பிட்டி தியாகராயர் ஊருக்கும், முதலமைச்சர் பனகல் அரசர் பூங்காவுக்கும் பெயராயினர். ஏரிக்கு மிஞ்சியது மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ சாலை என்னும் பெயர். இன்று அங்கு நின்று எந்த ஏரியைப் பார்ப்பது?

அடுத்த கணமே மயிலாப்பூர். கபாலீசுவரர் கோயிலும் தெப்பக்குளமும் உள்ளங்கையில் வைத்ததுபோல் தெரியும். கோயிலிலிருந்து கடல்வரை உள்ள இடைவெளியை ஒரே பார்வையில் அளக்க இதைவிட நல்ல இடம் இல்லை. அந்த இடைவெளியில்தான் வரலாறு இருக்கிறது. சம்பந்தரும் பின்னாளில் அருணகிரிநாதரும் பாடிய கோயில் கடலோரத்தில் இருந்தது. போர்த்துக்கீசியர் 16ஆம் நூற்றாண்டில் சாந்தோமில் குடியேறிய பின் அது மறைந்தது; இன்றுள்ள கோயில் அதற்குப் பிற்பட்டது. பழைய கற்கள் சில சாந்தோம் வட்டாரத்தில் கிடைத்திருக்கின்றன. இடித்தார்களா, கடல் கொண்டதா என்று வாதிடுவோர் இருதரப்பிலும் உண்டு. எனக்கு முதல் தரப்பே வலுவாகப் படுகிறது. கரையில் வெள்ளையாய் உயர்ந்து நிற்கும் கோபுரம் 1896இல் புதிதாகக் கட்டி எழுப்பிய பேராலயத்தினுடையது. மரக்கலத்தில் வந்தவன் முதலில் கண்ட கரை இதுவே என்பதால், கடல்வழியாக ஏறி இறங்கும் நம் பயணம் அவனுடைய பார்வையையே சற்று உயரத்தில் நமக்குத் தருகிறது.

ஆனிச் சன்னல் வேறு. ஏறத்தாழ 500 மீட்டர் உயரத்தில் கரையைக் கடக்கையில் கீழே அடையாற்றின் கழிமுகம். அதன் குறுக்கே 1977 வெள்ளத்தில் அறுந்த 'உடைந்த பாலம்'. தென்கரையில் 1882இல் ஆல்காட்டும் பிளாவட்ஸ்கியும் குடிபுகுந்த பிரம்மஞான சபையின் தோப்பு. கொஞ்சம் உள்ளே கிண்டிக் காடு. 1959இல் தொடங்கிய ஐஐடியும் அக்காட்டில் வெட்டியெடுத்த துண்டுதான்.

கோட்டூர்புரத்தருகே ஆறு விமானத்தின் அடியில் புகுந்து வலப்புறம் போய்விடும். சைதாப்பேட்டைப் பாலத்தை அந்தப் பக்கத்தார்தான் பார்ப்பார்கள். விமானம் தரை தொட்ட பிறகும் ஆறு தொலைவில் இல்லை: இரண்டாம் ஓடுபாதை அதன்மேல் பாலமிட்டே நீட்டப்பட்டிருக்கிறது. 2015 டிசம்பரில் அடையாறு நிலையத்துக்குள் புகுந்து, சில நாட்கள் ஒரு பயணியையும் எந்தச் சன்னலிலும் உட்காரவிடவில்லை.