கடல் தூரம், காற்று கிட்டத்தில்



"திருப்பனந்தாளுக்கும் கடலுக்கும் வெகு தூரம், புயல் நம்மை என்ன செய்துவிடும்?" என்று கேட்கிறவர்கள் உண்டு. அவர்களுக்கு 1977-ஐ நினைவூட்டுகிறேன்.

அந்த வருஷம் நவம்பர் 12 விடியற்காலை, நாகப்பட்டினத்துக்குச் சற்றுத் தெற்கே புயல் கரையேறியது. காலையில் தஞ்சாவூரிலும் திருச்சியிலுமே காற்று மணிக்குச் சுமார் 120 கிலோமீட்டர் வேகத்தில் அடித்தது. 560 பேர் மாண்டார்கள். 23,000 கால்நடைகள் மடிந்தன. பத்து லட்சம் பேர் வீடிழந்தார்கள். 2018 நவம்பர் 16-இல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்த கஜா, உள்ளே ஒரத்தநாட்டுத் தென்னந்தோப்புகளையும் சாய்த்தது.

ஆகவே எச்சரிக்கை வந்ததும் கூரை வீட்டை விட்டுக் கெட்டியான கட்டடத்துக்குப் போய்விடுங்கள். மாடுகளைக் கட்டிப் போடாதீர்கள்; அவிழ்த்து விடுங்கள். காற்று சட்டென்று ஓய்ந்தால் புயல் போயிற்று என்று வெளியே வந்துவிடாதீர்கள். அது புயலின் கண்ணாக இருக்கலாம். கொஞ்ச நேரத்தில் எதிர்த் திசையிலிருந்து திரும்ப அடிக்கும்.

புயல் போன பிறகும் ஆபத்து போவதில்லை. வயலைப் பார்க்க ஓடும் அவசரம் புரிகிறது. ஆனால் தேங்கிய தண்ணீரில் மின்கம்பி அறுந்து கிடக்கும்; பார்த்து நடங்கள். வெள்ளம் புகுந்த கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்கக் காய்ச்சிக் குடியுங்கள்.

பயிர் போனால் அடுத்த பட்டம் உண்டு. உயிருக்கு ஏது பட்டம்?