நெருப்பில் வேகாத எழுத்து

கொல்கத்தாவிலிருந்து ஹூக்ளி ஆற்றின் மேற்குக் கரை வழியே வடக்கு நோக்கி ஏறத்தாழ 25 கிலோமீட்டர் சென்றால் செராம்பூரை அடையலாம். 1812ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 11ஆம் நாள் மாலை, அவ்வூரில் இருந்த ஓர் அச்சகம் தீப்பற்றி எரிந்தது. பல மொழிகளின் ஈய எழுத்துக்கள் உருகின. காகிதக் கட்டுகள் சாம்பலாயின. பல்லாண்டு உழைத்து எழுதிய கையெழுத்துப் படிகளும் அழிந்தன. அவற்றை எழுதிய வில்லியம் கேரி அன்று கொல்கத்தாவில் இருந்தார். மறுநாளே செய்தி அவருக்கு எட்டியது. அந்த இழப்பின் அளவை அறிய, 19 ஆண்டுகள் பின்னோக்கிச் செல்வோம்.

கேரி 1761ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஓர் எளிய குடும்பத்தில் பிறந்தவர். செருப்புத் தைக்கும் தொழிலைக் கற்றவர். தம் சமயத்தை உலகெங்கும் எடுத்துச் செல்வது கிறித்தவர் கடமை என்று 1792இல் ஒரு சிறு நூல் எழுதினார். மறு ஆண்டு நவம்பரில், மனைவி மக்களோடு கொல்கத்தாவில் வந்திறங்கினார். கிழக்கிந்தியக் கம்பெனியோ சமயப் பணியாளர்களை விரும்பவில்லை. கையிலிருந்த பொருள் கரைந்தது. மாணிக்தலாவில் ஒண்டியிருந்த குடும்பம், பின்னர்ச் சுந்தரவனக் காட்டோரத்தில் குடியேறியது. 1794இல் வடக்கே முத்னாபதி என்னும் ஊரில் அவுரித் தொழிற்சாலை ஒன்றை மேற்பார்வையிடும் வேலை கிடைத்தது. அவ்வாண்டிலேயே ஐந்து வயது மகன் பீட்டர் நோயுற்று இறந்தான்.

துன்பத்தை எண்ணுகையில், கேரியின் மனைவி டாரதியை மறத்தல் தகாது. அவர் இந்தியா வர முதலில் மறுத்தவர்; கைக்குழந்தையோடு, மனமின்றிக் கப்பலேறியவர். மகன் மறைந்தபின் அவரது அறிவு பேதலித்தது. 1807இல் இறக்கும்வரை அவர் மீளவில்லை. ஒருவர் தாமே விரும்பி ஏற்ற தியாகத்தைப் போற்றுகிறோம். விரும்பாத ஒருவர்மீது விழுந்த சுமையையும் அதே ஏட்டில் எழுதி வைப்பதே நேர்மையாகும்.

கம்பெனியின் ஆட்சிக்கு உட்படாத புகலிடம் ஒன்று தேவைப்பட்டது. அப்போது செராம்பூர், நம் தரங்கம்பாடியைப் போலவே, டேனிஷ் நாட்டாரின் குடியிருப்பு. தரங்கம்பாடியில் 1706இல் வந்திறங்கிய சீகன்பால்குவுக்கு டென்மார்க்கு மன்னரின் ஆதரவு இருந்ததை நாம் அறிவோம். செராம்பூரிலும் டேனிஷ் ஆளுநர் ஓலே பீ இடமளித்தார். 1800இன் தொடக்கத்தில் கேரி, மார்ஷ்மன், வார்டு ஆகிய மூவரும் அங்கே ஒரே குடும்பம்போல் கூடி, வருவாயைப் பொதுவில் வைத்து வாழத் தலைப்பட்டனர். இந்தியா வந்து ஏழாண்டுகள் கழிந்த பின்னரே, அவ்வாண்டு டிசம்பரில், கிருஷ்ண பால் என்னும் தச்சர் அவர்களிடம் ஞானஸ்நானம் பெற்றார். 1801இல் வங்காளப் புதிய ஏற்பாடு அச்சாயிற்று. அவ்வாண்டே கொல்கத்தாவின் வில்லியம் கோட்டைக் கல்லூரியில் கேரி வங்காளம் கற்பிக்கும் ஆசிரியரானார். அந்த ஊதியத்தின் பெரும்பகுதி செராம்பூர்ப் பணிக்கே சென்றது.

இத்தனை முயற்சியின் திரண்ட பயனே அந்த அச்சகம். அது எரிந்தபின் சாம்பலைக் கிளறியபோது, எழுத்து வார்ப்பதற்குரிய எஃகு முளைகளும் செம்பு அச்சுக்களும் கெடாமல் கிடைத்தன. எஃகு முளையின் முனையில் எழுத்தைச் செதுக்கி, அதனைச் செம்பில் அறைந்தால் ஒரு குழி உண்டாகும். அக்குழியில் உருக்கிய ஈயக் கலவையை வார்த்தால் எழுத்துப் பிறக்கும். முளை பிழைத்தால் எழுத்தை மீண்டும் எத்தனை முறையும் வார்க்கலாம். அம்முளைகளைச் செதுக்கும் கலையைச் செராம்பூரில் வேரூன்றச் செய்தவர் பஞ்சானன் கர்மகார் என்னும் வங்காளக் கொல்லர். அவருக்குப்பின் அதனை வளர்த்தவர் அவர் மருமகன் மனோகர். கடல்கடந்து வந்த நம்பிக்கையைக் காத்தது இம்மண்ணின் கைத்தொழிலே எனலாம்.

உருகிக் கிடந்த உலோகத்தையே எடுத்து மீண்டும் எழுத்து வார்த்தனர். செய்தி கேட்ட இங்கிலாந்து மக்கள் ஏறத்தாழ பத்தாயிரம் பவுன் திரட்டி உதவினர். 1813இல், பப்ரீசியுஸ் மொழிபெயர்த்த தமிழ்ப் புதிய ஏற்பாடும் செராம்பூரில் அச்சாகி வெளிவந்தது. கம்பெனியின் கதவும் அவ்வாண்டே சட்டத்தால் திறந்தது. ஆயினும் இழந்தவை யாவும் திரும்பவில்லை. கேரி தொகுத்து வந்த பன்மொழி அகராதி மீண்டும் எழுதப்படவே இல்லை.

1818இல் 'சமாச்சார் தர்ப்பண்' என்னும் வங்காளச் செய்தித்தாளும் செராம்பூர்க் கல்லூரியும் தோன்றின. 1829இல் உடன்கட்டை ஏறுதலைத் தடுத்த சட்டத்தை வங்காளத்தில் மொழிபெயர்த்தவரும் கேரியே. 1834ஆம் ஆண்டு சூன் 9ஆம் நாள் அவர் செராம்பூரிலேயே காலமானார்.

அவரது சமயத்தை ஏற்பவரும் ஏற்காதவரும் நம்மிடையே உண்டு. ஆனால் அந்தச் சாம்பற் குவியலின்முன் நிற்கும்போது நம் அனைவருக்கும் ஒன்று விளங்கும்: கண்ட கனவு மட்டும் எதனையும் காப்பதில்லை, அதனை எஃகில் செதுக்கி வைக்கும் பொறுமையே காக்கிறது. அப்பொறுமையில் கேரிக்குப் பங்குண்டு, பஞ்சானனுக்கும் உண்டு. அதற்கு விலை கொடுத்தவர் வரிசையில் டாரதியின் பெயரும் நிற்கட்டும்.