கீழிருந்து மேல் பாகுபடுத்தல்

கீழிருந்து மேல் பாகுபடுத்தல் என்பது கம்பைலர் எனப்படும் தொகுப்பிகள் ஒரு நிரலின் இலக்கண அமைப்பைக் கண்டறியப் பயன்படுத்தும் முறைகளுள் ஒன்றாகும். இது நிரலில் உள்ள சொற்குறிகளில் தொடங்கி, அவற்றைப் படிப்படியாகப் பெரிய அலகுகளாகச் சேர்த்து, இறுதியில் இலக்கணத்தின் தொடக்கக் குறியீட்டை அடைகிறது. மேலிருந்து கீழ் முறை இதற்கு எதிர்த்திசையில் செயற்படும்.

செயற்படும் விதம்

பாகுபடுத்தி ஓர் அடுக்கைப் பேணுகிறது. அடுத்த சொற்குறியை அடுக்கில் இடுவது நகர்த்தல் எனப்படும். அடுக்கின் உச்சியில் உள்ள குறியீடுகள் ஒரு விதியின் வலப்பக்கத்தோடு பொருந்தினால், அவற்றை நீக்கி இடப்பக்கக் குறியீட்டை இடுவது சுருக்கல் எனப்படும்.

எடுத்துக்காட்டு

1. கோவை → கோவை + உறுப்பு
2. கோவை → உறுப்பு
3. உறுப்பு → உறுப்பு * எண்
4. உறுப்பு → எண்

உள்ளீடு 2 + 3 * 4 எனக் கொள்வோம். முதலில் 2 நகர்த்தப்பட்டு, 4ஆம், 2ஆம் விதிகளால் கோவையாகச் சுருங்கும். பின்னர் + குறியும் 3உம் நகர்த்தப்படும். 3 உறுப்பாகச் சுருங்கும். இப்போது அடுக்கில் "கோவை + உறுப்பு" உள்ளது. இங்கேயே 1ஆம் விதியால் சுருக்கினால் கூட்டல் முந்திக்கொள்ளும். அடுத்த குறி * என்பதால் பாகுபடுத்தி சுருக்காமல் நகர்த்துகிறது. 4உம் வந்தபின் 3ஆம் விதியாலும், பிறகு 1ஆம் விதியாலும் சுருக்குகிறது. ஆகவே விடை 20 அன்று, 14 ஆகும்.

1ஆம் விதி தன்னையே இடப்புறம் அழைக்கிறது. எளிய மேலிருந்து கீழ் பாகுபடுத்தி இத்தகைய விதியில் முடிவிலாச் சுழலில் சிக்கும். இம்முறைக்கு அச்சிக்கல் இல்லை.

முரண்கள்

நகர்த்துவதா சுருக்குவதா எனத் தீர்மானிக்க இயலாத நிலை நகர்த்தல்-சுருக்கல் முரண் எனப்படும். பெரும்பாலும் இது இலக்கணம் ஈரடியாக இருப்பதைக் காட்டும்.

வரலாறு

டொனால்ட் குனூத் 1965இல் எல்ஆர் பாகுபடுத்தலை முன்வைத்தார். 1970களில் பெல் ஆய்வகத்தில் ஸ்டீபன் ஜான்சன் உருவாக்கிய யாக், இலக்கண விதிகளிலிருந்து பாகுபடுத்தியைத் தானாக ஆக்கித்தந்தது. கான்பூர் ஐ.ஐ.டி.யில் பயின்ற ரவி சேத்தி, ஆல்பிரட் ஏஹோ, ஜெப்ரி உல்மன் ஆகியோர் 1986இல் வெளியிட்ட, டிராகன் நூல் என அறியப்படும் பாடநூல் இம்முறையை விரிவாக விளக்குகிறது.

தமிழும் பாகுபடுத்தலும்

முத்து அண்ணாமலை உருவாக்கிய எழில் என்னும் தமிழ் நிரல்மொழியில் நிபந்தனை முன்னும் கட்டளைச்சொல் பின்னும் வரும்: @(அ > 0) ஆனால். இங்கு வருவது ஆனால் கூற்றா, வரை கூற்றா என்பது நிபந்தனையைப் படித்த பின்னரே தெரியும். மேலிருந்து கீழ் முறையில் பொதுவான முன்பகுதியைத் தனியே பிரித்து இதனைக் கையாளலாம். கீழிருந்து மேல் முறையோ நிபந்தனையை முதலில் கோவையாகச் சுருக்கிவிட்டு, முடிவை அடுத்த சொல்லுக்கு ஒத்திவைக்கிறது. வினை இறுதியில் வரும் தமிழ்த் தொடரமைப்புக்கு இது இயல்பாகப் பொருந்துகிறது.