கூட்டத்தின் பதற்றம் பொய்யல்ல: ஃப்ரீட்மன்ஸ் வங்கி மூழ்கிய வரலாறு

ஒரு வங்கியின் வாசலில் பணம் எடுக்கக் கூட்டம் கூடிவிட்டால், "வதந்தியை நம்பாதீர்கள், வீட்டுக்குப் போங்கள்" என்று பெரியவர்கள் அறிவுரை சொல்வது வழக்கம். பல நேரங்களில் அது நல்ல அறிவுரைதான். ஆனால் பதறி ஓடிவந்தவர்கள் பிழைத்து, நம்பிப் பொறுத்திருந்தவர்கள் பணத்தை இழந்த வரலாறும் உண்டு. அமெரிக்காவின் வாஷிங்டன் நகரைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கிய ஃப்ரீட்மன்ஸ் சேமிப்பு வங்கி அதற்கு ஓர் உதாரணம். 1865இல் தொடங்கிய அந்த வங்கி 1874இல் மூடப்பட்டது.

'ஃப்ரீட்மன்' என்றால் விடுதலை பெற்ற அடிமை என்று பொருள். அமெரிக்க உள்நாட்டுப் போரில் வட மாநிலங்களின் படையில் சேர்ந்து போரிட்ட கறுப்பின வீரர்களுக்குச் சம்பளமும் ஊக்கத்தொகையும் கிடைத்தன. வாழ்நாளில் முதன்முறையாகக் கையில் காசு பார்த்த அவர்களுக்கு, அதைப் பத்திரமாக வைக்க ஓர் இடம் தேவைப்பட்டது. ஜான் ஆல்வர்ட் என்ற கிறிஸ்தவப் போதகரும் சில வணிகர்களும் முன்னின்று முயன்றதன் பேரில், 1865 மார்ச் 3ஆம் தேதி ஆபிரகாம் லிங்கன் கையெழுத்திட்ட சட்டத்தின் மூலம் இந்த வங்கி உருவானது. ஐந்து சென்ட் இருந்தாலும் கணக்கு தொடங்கலாம் என்பது அதன் சிறப்பு. சலவைத் தொழிலாளிகள், கூலிகள், வண்டியோட்டிகள், விவசாயிகள் எல்லோரும் வந்து சேர்ந்தார்கள். நிலம் வாங்க, வீடு கட்ட, பிள்ளைகளைப் படிக்கவைக்கச் சிறுகச் சிறுகச் சேர்த்தார்கள். ஒன்பது ஆண்டுகளில் 37 கிளைகள் திறக்கப்பட்டன. மொத்தமாக 5 கோடியே 70 லட்சம் டாலருக்கும் அதிகமான பணம் அங்கே போடப்பட்டது. அதில் பெரும்பகுதியை மக்கள் தங்கள் தேவைக்கு எடுத்துப் பயன்படுத்தவும் செய்தார்கள்.

இவ்வளவு நம்பிக்கை எதிலிருந்து வந்தது? பாஸ்புக்கில் லிங்கனின் படம் இருந்தது. நாடாளுமன்றம் சட்டம் இயற்றித் தொடங்கிய வங்கி என்ற பெயர் இருந்தது. தேவாலயங்களில் போதகர்கள் எடுத்துச் சொன்னார்கள். வங்கியின் ஆட்களும் அரசே பின்னால் நிற்கிறது என்ற எண்ணத்தைப் பரப்பினார்கள். உண்மையில் அரசு கொடுத்தது அனுமதி மட்டுமே. டெபாசிட்டுக்கு அது எந்த உத்தரவாதமும் கொடுக்கவில்லை. அனுமதிக்கும் உத்தரவாதத்துக்கும் உள்ள இந்த வேறுபாட்டை அந்த எளிய மக்களுக்கு யாரும் விளக்கவில்லை.

தொடக்கத்தில் சட்டம் கண்டிப்பாகவே இருந்தது. டெபாசிட்டில் குறைந்தது மூன்றில் இரண்டு பங்கை அரசுக் கடன் பத்திரங்களில் மட்டுமே போட வேண்டும். 1870இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டு, அடமானத்தின் பேரில் கடன் கொடுக்கவும் வழி திறக்கப்பட்டது. வங்கியின் நிதிக்குழுவுக்குத் தலைமை வகித்தவர் ஹென்றி குக். அவருடைய அண்ணன் ஜே குக், அன்றைய அமெரிக்காவின் மிகப் பெரிய நிதி முதலாளிகளில் ஒருவர். ஏழைகளின் சேமிப்பிலிருந்து ஜே குக்கின் நிறுவனத்துக்கு ஐந்து லட்சம் டாலர் கடன் போனது. குக் குடும்பத்துக்குத் தொடர்புள்ள ஒரு கல்குவாரி நிறுவனத்துக்கும் பணம் போனது. அரசின் கருவூலத்துக்கு எதிரிலேயே வங்கிக்குப் பெரும் செலவில் ஆடம்பரமான கட்டடம் எழுந்தது. பணம் போட்டவர்கள் ஒரு சாரார், கடன் வாங்கிப் பயன்பெற்றவர்கள் வேறொரு சாரார் என்றாகிவிட்டது.

இந்த இடத்தில், வங்கியில் கூட்டம் கூடுவது ஏன் ஆபத்து என்பதை நாம் புரிந்துகொள்ள வேண்டும். எந்த வங்கியும் மக்கள் போட்ட பணம் முழுவதையும் பெட்டியில் பூட்டி வைப்பதில்லை. ஒரு பகுதியைக் கையிருப்பில் வைத்துக்கொண்டு மீதியைக் கடனாகக் கொடுக்கிறது. எல்லோரும் ஒரே நாளில் வந்து கேட்டால், உடனே விற்கக்கூடிய நல்ல பத்திரங்களை விற்றுத்தான் பணம் கொடுக்க முடியும். கடைசியில் மிஞ்சுவது வசூலாகாத கடன்களே. முதலில் வந்தவருக்கு முழுப் பணம் கிடைக்கும், கடைசியில் வந்தவருக்குக் கிடைப்பது சந்தேகம். இந்தக் கணக்கு புரிந்த எவரும் வரிசையில் முந்தி நிற்கவே பார்ப்பார். நல்ல வங்கியையும் இப்படி ஒரு கூட்டம் கவிழ்த்துவிடக்கூடும். ஏற்கெனவே உள்ளே அரித்துப்போன வங்கி என்றால் சொல்லவே வேண்டாம்.

1873 செப்டம்பர் 18ஆம் தேதி ஜே குக்கின் நிறுவனம் விழுந்தது. ரயில் பாதை போடுவதற்காக அது அளவுக்கு மீறிப் பணத்தை முடக்கியிருந்ததே காரணம். நியூயார்க் பங்குச் சந்தை பத்து நாட்கள் மூடப்பட்டது. ஃப்ரீட்மன்ஸ் வங்கியின் கிளைகளில் மக்கள் திரண்டார்கள். கையிலிருந்த அரசுப் பத்திரங்களை விற்று வந்தவர்களுக்கெல்லாம் வங்கி பணம் கொடுத்தது. வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு, "சோதனையில் தேறிவிட்டது" என்றே தோன்றியிருக்கும். உண்மையில், இருந்த நல்ல சொத்து கரைந்து, வராக்கடன் மட்டுமே மிஞ்சிக்கொண்டிருந்தது.

1874 மார்ச்சில் அறங்காவலர்கள் ஃப்ரெடரிக் டக்ளஸைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். அடிமையாகப் பிறந்து, தப்பி வந்து, அடிமை ஒழிப்புக்காக வாழ்நாள் முழுவதும் குரல் கொடுத்தவர் அவர். கறுப்பின மக்கள் அவரளவுக்கு நம்பிய மனிதர் வேறு யாரும் இருந்திருக்க முடியாது. வங்கி நலமாக இருப்பதாகவே டக்ளஸும் நம்பினார். தம் சொந்தப் பணத்திலிருந்து 10,000 டாலரைக் கடனாகக் கொடுத்து அதைத் தாங்கிப் பிடிக்கவும் முயன்றார். பிறகுதான் கணக்குப் புத்தகங்கள் அவருக்கு உண்மையைக் காட்டின. வங்கி பத்திரமாக இருக்கிறது என்று தமக்கு உறுதி சொன்ன அறங்காவலர்களில் சிலரே தங்கள் பணத்தை எடுத்து வேறு வங்கியில் போட்டுவிட்டதையும் அவர் அறிந்தார். அதைத் தம் சுயசரிதையில் மனம் நொந்து பதிவு செய்திருக்கிறார். அவர் நிலைமையை மறைக்கவில்லை. நாடாளுமன்றத்தின் நிதிக்குழுவிடம் சென்று உள்ளதைச் சொன்னார். 1874 ஜூன் இறுதியில் வங்கியை மூட முடிவாயிற்று.

அப்போது 61,000க்கும் மேற்பட்டவர்களுக்குக் கொடுக்கவேண்டியிருந்த தொகை ஏறக்குறைய 30 லட்சம் டாலர். சொத்துகளை விற்று, பல ஆண்டுகளாகத் தவணை தவணையாக, 1883 வரை நூற்றுக்கு 62 என்ற அளவில் திருப்பிக் கொடுக்கப்பட்டது. அதையும் எல்லோராலும் பெற முடியவில்லை. பலர் இறந்திருந்தார்கள், பலர் ஊர் மாறியிருந்தார்கள், சிலரிடம் பாஸ்புக் இல்லை. பணம் போனதோடு, சேமிக்கும் பழக்கத்தின் மீதிருந்த நம்பிக்கையும் போய்விட்டது என்று டபிள்யூ.இ.பி. டுபாய்ஸ் 1903இல் வெளியான தம் நூலில் வருந்தினார்.

அமெரிக்க அரசு டெபாசிட்டுகளுக்குக் காப்பீடு தரும் சட்டத்தை 1933இல்தான் இயற்றியது. அதன் பிறகே, வரிசையில் முந்த வேண்டிய அவசியம் சாதாரண மக்களுக்குக் குறைந்தது.

ஃப்ரீட்மன்ஸ் வங்கி விட்டுச்சென்ற ஒரு நன்மையும் உண்டு. எழுதப் படிக்கத் தெரியாத பலரை அடையாளம் காண்பதற்காக, பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள், முன்னாள் எஜமானர் ஆகியோரின் பெயர்களைக் கேட்டுப் பதிவேட்டில் எழுதி வைத்தார்கள். அடிமைச் சந்தையில் சிதறடிக்கப்பட்ட தங்கள் முன்னோரைத் தேடும் குடும்பங்களுக்கு இன்று அந்தப் பதிவேடுகளே பெரும் துணை.

நாம் இதில் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. அந்த மக்கள் ஏமாளிகள் அல்லர். நேர்மையாக உழைத்து, சிக்கனமாகச் சேர்த்தவர்கள். லிங்கனின் படமும், போதகரின் சொல்லும், டக்ளஸின் பெயரும் அவர்களுக்குச் சாட்சியாகக் காட்டப்பட்டன. கணக்கு மட்டும் காட்டப்படவில்லை. அமானிதத்தைக் கையில் வாங்கியவர் நல்லவர் என்பது பாதிதான். நம் பணம் யாருக்குக் கடனாகப் போகிறது, கணக்கை வெளியாள் ஒருவர் தணிக்கை செய்கிறாரா, நட்டம் வந்தால் யார் ஈடு செய்வார் என்ற மூன்று கேள்விகளுக்கும் பதில் கிடைத்தால்தான் மறுபாதி நிறைவேறும். இந்தக் கேள்விகளைக் கேட்பது யாரையும் அவமதிப்பதாகாது. நல்ல எண்ணத்தோடு பொறுப்பேற்ற டக்ளஸைப் போன்றவர்களுக்கும் இந்தக் கேள்விகளே பாதுகாப்பு.