கால் பங்கும் அரைப் பங்கும்
சென்னையில் ஆங்கில ஆசிரியர் பயிற்சி வளர்ந்த வரலாறு

இலக்கிய வட்டம் ஒன்றின் பத்தாண்டு நிறைவு மலரில் ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியர்க்குப் பயிற்சி அளித்த வரலாற்றுக்கு என்ன வேலை என்ற வினா எழுதல் இயல்பே. ஆனால் ஆசிரியனுக்கும் இலக்கணம் வகுத்த மொழி தமிழ். பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், எழுத்தையும் சொல்லையும் தொடுவதற்கு முன்பே, பொதுப்பாயிரத்தில் ஆசிரியரது வரலாறு, பாடம் சொல்லுதலின் வரலாறு, மாணாக்கரது வரலாறு, பாடம் கேட்டலின் வரலாறு என்று வரிசையாகப் பேசிவிடுகிறது. நல்லாசிரியர்க்கு நிலத்தையும் மலையையும் துலாக்கோலையும் மலரையும் உவமை கூறும் அந்நூல், ஆசிரியராகத் தகாதவர்க்குக் கழற்குடம், மடற்பனை, பருத்திக் குண்டிகை, முடத்தெங்கு என்பவற்றை உவமையாக்குகிறது. கழற்காய் நிரப்பிய குடம், இட்ட முறையில் அன்றி முன்னும் பின்னுமாகக் கொட்டும். பருத்தி அடைத்த குண்டிகை, அடைக்கும்போதும் சிறிது சிறிதாகவே கொள்ளும். எடுக்கும்போதும் சிறிது சிறிதாகவே தரும்.

அவ்விடத்தே மற்றொரு கணக்கும் உண்டு. ஆசிரியர் உரைத்ததை நன்கு கேட்டுக் கொண்டாலும் மாணவன் பெறுவது புலமையில் கால் பங்குதான். உடன் பயில்வோருடன் பழகுவதால் இன்னொரு கால் பங்கு கிட்டும். எஞ்சிய அரைப் பங்கு, தான் பிறர்க்குச் செவ்வையாக எடுத்துரைக்கும்போதே நிறைவெய்தும். சென்னையில் ஆங்கில ஆசிரியரை உருவாக்க இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேலாக நடந்த முயற்சிகளை அளந்து பார்க்க இதனினும் நல்ல அளவுகோல் கிடைப்பது அரிது.

மணலில் பிறந்த முறை

1787இல் சென்னை வந்த ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காட்லாந்துப் பாதிரியார், 1789இல் எழும்பூரில் இருந்த ஆண் அனாதைகள் இல்லத்தின் கண்காணிப்பாளரானார். அங்கிருந்தவர்கள் பெரும்பாலும் ஐரோப்பியப் படைவீரர்களின் பிள்ளைகள். அவர்களுக்கு ஆங்கில எழுத்துக் கற்பித்த துணையாசிரியர்கள் திறமையோடு பணியாற்றவில்லை. ஒருநாட் காலை அவர் குதிரையில் செல்லும்போது, திண்ணைப் பள்ளி ஒன்றில் சிறுவர்கள் மணலைப் பரப்பி விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டார். அக்கால ஆங்கிலேயர் தமிழை மலபார் மொழி என்றே வழங்கியமையால், பெல்லின் குறிப்பில் அது மலபார்ப் பள்ளி எனப்படுகிறது.

இல்லத்திற்கு மீண்ட பெல், மணலில் எழுத்துக் கற்பிக்குமாறு துணையாசிரியர்களைப் பணித்தார். அவர்கள் அது இயலாது என்றனர். பெல் எட்டு வயதே நிரம்பிய ஜான் பிரிஸ்கன் என்னும் மாணவனை அழைத்து அப்பணியை அவனிடம் ஒப்படைத்தார். பெரியவர்கள் இயலாது என்றதைச் சிறுவன் செய்து காட்டினான். அன்றுமுதல் மாணவரே மாணவர்க்குக் கற்பிக்கும் ஏற்பாடு அவ்வில்லத்தில் நிலைபெற்றது. திண்ணைப் பள்ளியின் சட்டாம்பிள்ளையை அறிந்த தமிழர்க்கு இது புதுமையன்று. 1797இல் இலண்டனில் பெல் வெளியிட்ட சிறுநூலால் அது 'மெட்ராஸ் முறை' என்ற பெயருடன் இங்கிலாந்தெங்கும் பரவியது. கவிஞர் இராபர்ட் சதே பெல்லின் வாழ்க்கை வரலாற்றை எழுதத் தொடங்கினார். பெல் விட்டுச் சென்ற செல்வத்தால் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் எழுந்த பள்ளி, இன்றும் 'மெட்ராஸ் காலேஜ்' என்றே வழங்குகிறது.

எழும்பூரில் அம்முறை வெற்றி பெற்றமைக்குக் காரணம், பிறர்க்கு உரைக்கும் அரைப் பங்கு அங்கு மாணவனுக்கே கிட்டியதுதான். இங்கிலாந்தில் ஒரே ஆசிரியரின் கீழ் நூற்றுக்கணக்கான பிள்ளைகளை அமர்த்தி, குறைந்த செலவில் பள்ளி நடத்தும் வழியாக அது மாறியபோது உயிர் குன்றியது. சிக்கனத்தைக் கருதி மட்டும் ஒரு முறை கைக்கொள்ளப்படும்போது நேரும் இவ்விளைவு, பின்னரும் நிகழக் காணலாம்.

வேப்பேரியும் சைதாப்பேட்டையும்

ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் தொடங்கிய கணக்கெடுப்பு, சென்னை மாகாணத்தில் 12,498 பள்ளிகளையும் ஏறத்தாழ 1,88,000 மாணவர்களையும் கண்டது. 1826ஆம் ஆண்டுக் குறிப்பில் மன்றோ, ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கச் சென்னையில் ஒரு நடுவண் பள்ளி வேண்டும் என வற்புறுத்தினார். அடுத்த ஆண்டே அவர் மறைந்தார். 1854இல் சார்லஸ் உட் விடுத்த கல்வி அறிக்கை ஆசிரியர் பயிற்சியை அரசின் கடமையாக்கிய பின்னரே, 1856இல் வேப்பேரியில் அரசு நார்மல் பள்ளி தோன்றியது. புளியந்தோப்பிலிருந்து நடந்தே செல்லக்கூடிய தொலைவில் தோன்றிய அப்பள்ளி, பின்னர்ச் சைதாப்பேட்டைக்குச் சென்று ஆசிரியர் கல்லூரியாக வளர்ந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் எல்.டி. பட்டத்திற்குரிய முதன்மையான இடமாக அது திகழ்ந்தது. தத்துவப் பேராசிரியர் சர்வபள்ளி இராதாகிருஷ்ணனும் 1910இல் அங்குப் பயிற்சி பெற்றவரே.

அக்காலப் பயிற்சியில் ஆங்கிலம் தனியொரு கற்பித்தல் கலையாகக் கருதப்படவில்லை. இலக்கண விதி, மொழிபெயர்ப்பு, மனப்பாடம் என்ற மூன்றும் கைவந்தவர் ஆங்கிலம் கற்பிக்க வல்லவர் எனப்பட்டார். உயர்நிலைப் பள்ளிக்கும் கல்லூரிக்கும் அது போதியதாகத் தோன்றியிருக்கலாம். தொடக்கப் பள்ளியில் தமிழ் மட்டுமே பேசும் குழந்தை முதன்முதலாக ஆங்கிலத்தை எதிர்கொள்ளும்போது என்ன செய்வது என்பதை அப்பட்டப் படிப்பு கற்பிக்கவில்லை.

ஆலைச் சங்கொலியின் நடுவே

வேப்பேரிக்கு வடக்கே, பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளைச் சூழ்ந்து வாழ்ந்த மக்களுக்கு ஆங்கிலம் ஒரு பாடமாக இருக்கவில்லை. அது அதிகாரத்தின் குரலாக இருந்தது. மேலாளர் பேசியது ஆங்கிலம்; தொழிலாளர் பேசியது தமிழும் தெலுங்கும். 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பெரம்பூர்ப் பகுதியில் உருவானபோது அதன் தலைவர் பி. பி. வாடியா ஆங்கிலத்திலேயே பேசினார். அவ்வுரை தமிழாக்கிச் சொல்லப்பட்ட பின்னரே தொழிலாளரைச் சென்றடைந்தது. அச்சங்கத்தின் தூண்களுள் ஒருவரான திரு.வி.க. தமிழாசிரியராக விளங்கியவர் என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது. 1921ஆம் ஆண்டு வேலைநிறுத்தமும் அதையொட்டிப் புளியந்தோப்பில் மூண்ட கலவரமும் அப்பகுதியின் வரலாற்றில் ஆறாத வடுவாயின.

ஆலை நிருவாகம் தொழிலாளர் பிள்ளைகளுக்கெனப் பள்ளி நடத்தியதுண்டு. மாநகராட்சிப் பள்ளிகளும் அங்கு இயங்கின. ஆயினும் எழும்பூரிலும் சைதாப்பேட்டையிலும் ஆசிரியரைப் பற்றி எண்ணியவர்களின் எண்ணம் இத்தெருக்களை வந்தடைய நெடுங்காலம் ஆயிற்று. வீட்டில் ஆங்கிலம் அறிந்தோர் எவருமில்லாத குழந்தைக்கு ஆசிரியரின் நாவொன்றே ஆங்கிலத்தின் ஊற்று. அந்நா தடுமாறினால் ஈடு செய்ய வேறு வழியில்லை. எனவே ஆசிரியர் பயிற்சியின் தரம் ஏனையோரினும் இக்குழந்தைகளுக்கே வாழ்வாதாரமான செய்தியாகும்.

பனி பொழியாத ஊரில் பனிப்பந்து

விடுதலைக்குப் பின், 1958இல் ஐதராபாத்தில் ஆங்கில நடுவண் நிறுவனம் நிறுவப்பட்டது. அதன் முதல் இயக்குநர் வி. கே. கோகாக், 'விநாயக' என்னும் புனைபெயரில் எழுதிய கன்னடக் கவிஞர். பின்னாளில் ஞானபீட விருது பெற்றவர். ஆங்கிலம் கற்பிக்கப் பயிற்றும் நிறுவனத்தைத் தாய்மொழிக் கவிஞர் ஒருவர் வழிநடத்தியமை, இரு மொழிகளும் பகையாக வேண்டியதில்லை என்பதற்குச் சான்று. ஒலியியல், இக்கால இலக்கணம், கற்பிக்கும் முறை, பாடநூல் ஆக்கம், தேர்வு முறை, வகுப்பறைப் பயிற்சி என ஆங்கில ஆசிரியர்க்குரிய முதுநிலைப் படிப்பு தனித்துறையாக உருப்பெற்றதில் இந்நிறுவனத்திற்குப் பெரும் பங்குண்டு. 1963இல் தென்மாநிலங்களுக்கான வட்டார நிறுவனம் பெங்களூரில் தோன்றியது. ஐதராபாத் நிறுவனம் 2007இல் ஆங்கில, அயல்மொழிகள் பல்கலைக்கழகமாயிற்று.

இக்காலத்தேதான் சென்னை மாநிலம் ஒரு பெரும்பணியை மேற்கொண்டது. தொடக்க நிலையில் ஆங்கிலம் கற்பிக்கும் 27,000 ஆசிரியர்களை அமைப்புமுறையில் மறுபயிற்சி பெறச் செய்வது அதன் குறிக்கோள். பிரிட்டிஷ் கவுன்சிலின் துணையுடன் 1959இல் அது தொடங்கியது. முதலில் சிலர் பயிற்சி பெறுவர். அவர்கள் பலரைப் பயிற்றுவர். அப்பலர் ஊர்தோறும் சென்று ஆயிரவரைப் பயிற்றுவர். உருள உருளப் பருக்கும் பனியுருண்டையை நினைவூட்டியமையால், 1962இல் டி. ஏ. ஸ்மித் ஆங்கிலக் கற்பித்தல் இதழொன்றில் இதனை 'மெட்ராஸ் பனிப்பந்து' என்ற பெயரால் எழுதினார். பனி பொழியாத ஊருக்கு அமைந்த இப்பெயர் உலக ஆசிரியர் பயிற்சி வரலாற்றில் நிலைத்துவிட்டது.

அமைப்புமுறை தமிழ்க் குழந்தைக்கு நன்மை செய்யவில்லை எனல் பொருந்தாது. 'இது புத்தகம்' என்னும் தமிழ்த் தொடரில் இரண்டே சொற்கள். அதனையே ஆங்கிலமாக்கின் 'திஸ் இஸ் எ புக்' என நான்காகிறது. 'இஸ்' என்னும் இணைப்பு வினைக்கும் 'எ' என்னும் சுட்டுச் சொல்லுக்கும் தமிழில் நேரொன்றும் இல்லை. விதியைச் சொல்லி விளக்குவதினும், பொருளைக் கையிலெடுத்துக் காட்டிச் சொல்லச் செய்து பழக்குவதே எளிது. வினை இறுதியில் நிற்கும் தமிழுக்கும் இடையில் நிற்கும் ஆங்கிலத்துக்கும் உள்ள வேறுபாட்டிற்கும் இது பொருந்தும். ஒலியிலும் அவ்வாறே. 'பல்' என்பதில் வரும் பகரமும் 'தம்பி' என்பதில் வரும் பகரமும் வேறு வேறாக ஒலித்தாலும் தமிழர்க்கு ஒரே எழுத்து. ஆங்கிலத்திலோ அவ்வேறுபாடே சொல்லை மாற்றிவிடும். தொல்காப்பியப் பிறப்பியல் கற்ற தமிழாசிரியர்க்கு, நாவும் இதழும் பல்லும் ஒலியைப் பிறப்பிக்கும் இடங்களை எடுத்துரைத்தல் புதிதன்று. ஆங்கில ஒலியியல் வகுப்பில் இவ்வறிவு போதிய அளவு பயன்கொள்ளப்படாமை ஓர் இழப்பே.

முறையில் இருந்த குறையினும் பயிற்சியைக் கைமாற்றிய வழியில் இருந்த குறையே பெரிது. நன்னூல் கணக்கின்படி, கேட்பவன் பெறுவது கால் பங்கு. அவனிடம் கேட்பவன் பெறுவது காலில் கால், அதாவது மாகாணி. மூன்றாம் படியில் நிற்கும் ஊர்ப்புற ஆசிரியரை அடைவது அதனினும் சிறிது. மேற்படியில் காரணத்தோடு கற்பிக்கப்பட்டது கீழ்ப்படியில் சடங்காக எஞ்சும்; கழற்குடம் போல முறைமாறியும் கொட்டும். பந்து பருத்ததே அன்றி, உள்ளே இருந்தது பருக்கவில்லை. குறுகிய காலப் பயிற்சியில் கேட்கும் பங்கே மிகுந்திருக்கும். உடன்பணியாற்றுவோருடன் கலந்து எண்ணவும், தம் வகுப்பில் செய்து பார்த்து மீண்டு வந்து பேசவும் இடம் குறைவு.

பொருளை நாடிய சோதனை

இக்குறையை உள்ளிருந்தே கண்டவர் என். எஸ். பிரபு. பிரிட்டிஷ் கவுன்சிலின் சென்னை அலுவலகத்தில் பணியாற்றிய அவர், 1979 முதல் 1984 வரை பெங்களூரிலும் சென்னையிலும் சாதாரணப் பள்ளிகள் சிலவற்றில் ஒரு சோதனையை நடத்தினார். வாக்கிய அமைப்பை வரிசையாகத் திணிப்பதை விடுத்து, இரயில் கால அட்டவணையைப் பார்த்துப் பயணம் வகுத்தல், வரைபடத்தில் வழி கண்டறிதல் போன்ற பணிகளை மாணவர்க்கு அளித்தனர். மாணவர் மனம் பொருளில் ஊன்றியிருக்கையில் மொழியமைப்பு தானே உள்ளத்தில் படியும் என்பது அவர் கருதுகோள். 1987இல் வெளிவந்த அவரது நூல் உலகெங்கும் ஆங்கில ஆசிரியர்க்குரிய பட்டப் படிப்புகளில் பயிலப்பட்டது. வசதியற்ற தென்னிந்தியப் பள்ளிகளில் கண்ட உண்மை மேல்நாட்டுப் பல்கலைக்கழகங்களுக்குப் பாடமானது, பெல் காலத்து வரலாறு மீண்டும் நிகழ்ந்தது போன்றதாகும்.

பிரபு 1990இல் எழுதிய கட்டுரை, எல்லார்க்கும் உகந்த ஒரே சிறந்த முறை என்பது இல்லை என வாதிட்டது. ஆசிரியர் தம் பணியில் எது பலன் தரும் என்று தாமே உணரும் தெளிவுதான் முதன்மையானது. பயிற்சியின் வேலை அத்தெளிவை வளர்ப்பதே என்றார் அவர். கொள்வோனின் கொள்வகை அறிந்து கொடுக்க வேண்டும் என்ற நம் பழைய இலக்கணத்திலிருந்து இது வெகுதொலைவில் இல்லை.

மாநகராட்சிப் பள்ளிகளில்

2003இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கப்பட்டது. ரிஷிவேலிப் பள்ளியின் முறையைத் தழுவிய அது, 2007இல் மாநிலத் தொடக்கப் பள்ளிகள் அனைத்திற்கும் விரிந்தது. ஆசிரியர் தரையில் அமர, குழந்தைகள் அட்டைகளுடன் குழுவாக அமர்ந்து, தெரிந்தவர் தெரியாதவர்க்குச் சொல்லிக் கொடுத்தனர். எழும்பூர் மணலில் கண்டது, மாநகராட்சிப் பள்ளியின் பாயில் மீண்டும் தோன்றியது எனலாம். ஆயின் சில பள்ளிகளில் விரும்பி வளர்த்த ஒன்று, ஆணையால் மாநிலமெங்கும் பரவுகையில் எழும் இடர்ப்பாடுகளை அதுவும் சந்தித்தது. 2022 முதல் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் தொடக்க வகுப்புகளில் நடைமுறைக்கு வந்தது.

பட்டப் படிப்பிலும் மாற்றம் நேர்ந்தது. ஓராண்டாக இருந்த பி.எட். படிப்பு 2015 முதல் ஈராண்டாயிற்று. பள்ளியில் தங்கிப் பயிலும் காலமும் நீண்டது. காலம் நீண்டது நன்றே. அது கேட்கும் கால் பங்கை நீட்டுகிறதா, உரைக்கும் அரைப் பங்கை வளர்க்கிறதா என்பதே வினா.

நிறைவாக

பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகள் 1996இல் மூடப்பட்டன. அவற்றின் சங்கொலி ஓய்ந்த புளியந்தோப்பில், ஆங்கிலம் இன்றும் வேலைக்கும் மேற்படிப்புக்கும் உரிய வாயிலாகவே நிற்கிறது. அவ்வாயிலை மாநகராட்சிப் பள்ளிக் குழந்தைக்குத் திறக்க வேண்டியவர் ஆசிரியர். அவரைக் குண்டிகையாக எண்ணிப் பருத்தியை அடைப்பதால் பயனில்லை என்பதே இந்நெடிய வரலாறு உணர்த்துவது. உடன்பணியாற்றுவோருடன் கூடி ஆராயவும், கற்றதைச் செய்து பார்த்துத் திருத்திக்கொள்ளவும் அவர்க்கு நேரமும் இடமும் வேண்டும்.

கவிஞர்கள் கூடிக் கவிதை படித்து, கேட்டு, குறை கூறி, திருத்திக்கொள்ளும் இலக்கிய வட்டமும் அவ்விரண்டாம் கால் பங்கின் களமே. பள்ளி முடிந்த மாலையில் அப்பகுதி ஆசிரியர்க்கும் இத்தகைய வட்டம் ஒன்று வாய்க்குமாயின், அவர்தம் வகுப்பறையில் எஞ்சிய அரைப் பங்கு தானே நிறையும்.