மீன் தொட்டி சூடாகுதா? ஐஸ் கட்டியைக் கொட்டாதீங்க!

அக்னி நட்சத்திரம் வந்தால் நமக்கு மோர், இளநீர், ஏ.சி. ஹாலில் இருக்கும் மீன்களுக்கு? மதியம் 3 மணிக்குத் தொட்டியில் விரலை விட்டுப் பாருங்கள், வெதுவெதுன்னு இருக்கும். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால், 'பசிக்குது போல' என்று தீனி போட்டுவிடாதீர்கள். அது மூச்சுத்திணறல்.

தண்ணீர் சூடாகச் சூடாக அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறையும். 25 டிகிரியில் ஒரு லிட்டருக்குச் சுமார் 8 மில்லிகிராம் கரையும் என்றால், 35 டிகிரியில் 7 மில்லிகிராம்தான். 'ஒரு மில்லிகிராம்தானே' எனத் தோன்றும். ஆனால், அந்தச் சூட்டில் மீனின் உடம்பு கூடுதலாக ஆக்சிஜன் கேட்கும். வரவு குறையும் நேரத்தில் செலவு ஏறுகிறது. முதலில் தவிப்பது கோல்டு ஃபிஷ். அது குளிர்ந்த நீர் மீன். கப்பி, மோலியெல்லாம் 28 டிகிரி வரை சமாளித்துக்கொள்ளும். ஃபைட்டர் மேலே வந்து காற்றையே சுவாசிக்கும் என்பதால் கொஞ்சம் தப்பிக்கும்.

பதறிப்போய் ஃப்ரீசரில் இருந்து ஐஸ் கட்டிகளை எடுத்துத் தொட்டியில் கொட்டுவார்கள் சிலர். சூட்டைவிட இந்தத் திடீர் குளிர்ச்சிதான் ஆபத்து. மீன் அதிர்ந்துபோகும், வெள்ளைப் புள்ளி நோய் எட்டிப் பார்க்கும். அவசரம் என்றால், மூடிய பாட்டிலில் தண்ணீரை உறையவைத்து மிதக்கவிடுங்கள். பக்கத்தில் தெர்மாமீட்டர் இருக்கட்டும். ஒரு மணி நேரத்தில் 1 டிகிரிக்கு மேல் இறங்கினால் பாட்டிலை எடுத்துவிடுங்கள்.

தினசரிக்கு டேபிள் ஃபேன்தான் பெஸ்ட். தொட்டியின் கண்ணாடி மூடியை எடுத்துவிட்டு, தண்ணீரின் மேற்பரப்பில் காற்று படுகிற மாதிரி வையுங்கள். தண்ணீர் ஆவியாகும்போது சூட்டையும் எடுத்துப்போகும்; மண்பானை தத்துவம்தான். 2, 3 டிகிரி குறைந்துவிடும். புழுக்கமான சென்னையில் கொஞ்சம் கம்மி, மதுரை, வேலூரில் நன்றாகவே வேலை செய்யும். மூடிக்குப் பதில் கொசுவலை கட்டுங்கள், இல்லையென்றால் மீன் துள்ளித் தரையில் கிடக்கும்.

குறைகிற தண்ணீரைத் தினமும் ஊற்ற வேண்டும். மதியம் மாடி டேங்க்கில் இருந்து பிடிக்காதீர்கள், அது கொதிக்கும். அதிகாலையில் பிடித்து, குளோரின் கலந்த தண்ணீராக இருந்தால் ஆன்டி குளோரின் சொட்டு விட்டு ஊற்றுங்கள். போர் தண்ணீர்க்காரர்கள் கவனிக்க: ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு தொட்டியிலேயே தங்கும். ஆகவே, இப்படிக் குறைவதை ஈடுகட்ட ஆர்.ஓ. தண்ணீர் நல்லது.

ஜன்னல் வெயில் படாமல் திரை போடுங்கள். லைட் எரியும் நேரத்தைக் குறையுங்கள். தீனியைப் பாதியாக்குங்கள், மிஞ்சிய தீனி அழுகி உருவாகும் அம்மோனியா, சூட்டில் இன்னும் கொடிய விஷம். சில்லர் மெஷின் பல வீடுகளில் தொட்டியைவிட விலை அதிகம். கப்பிக்கெல்லாம் தேவையே இல்லை.

தூக்கம் கெடுதுன்னு ராத்திரி ஏர் பம்ப்பை அணைப்பவர்களா நீங்கள்? தொட்டியில் நிஜச் செடி இருந்தால், இரவில் அதுவும் ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். சத்தத்தைக் குறைக்க பம்ப்புக்கு அடியில் ஒரு ஸ்பாஞ்ச் வைத்தால் போதும். கரன்ட் கட்டுக்கு பேட்டரி ஏர் பம்ப் ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.